வெயிலில் வாய் திறக்கும் மண்!

'ஒரு கிராம் எடையில் மூணு கிரவுண்டு இடம் இருக்கு சார், முடிச்சுடலாமா?' என்று ஒரு புரோக்கர் உங்கள் ஆபீஸுக்கு வந்து கேட்டால் என்ன செய்வீர்கள்? மரியாதையாக ஒரு டீ வாங்கிக் கொடுத்து, வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவீர்கள்.

ஆனால், அந்த ஆள் சொன்னது பொய் இல்லை. ஸ்மெக்டைட் என்று ஒரு களிமண் வகை இருக்கிறது. அதில் சுத்தமாக ஒரே ஒரு கிராம் எடுத்து, அதன் இதழ்களை ஒன்று விடாமல் பிரித்து விரித்தால் சுமார் 700 சதுர மீட்டர் வரும். சதுர அடியில் 7,500. கிரவுண்டுக்கு 2,400 என்று வகுத்துப் பாருங்கள். மூன்று கிரவுண்டு, சொச்சம்! பட்டாதான் கிடைக்காது.

'நீ படிச்சது பி.காம். உனக்கு எதுக்குய்யா மண்ணு ஆராய்ச்சி?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். டெபிட், கிரெடிட் தவிர வேறெதுவும் தெரியாமல் இருந்தவனை மண்ணுக்குள் தலையை விட வைத்தது ஒரு வீட்டு வியாபாரம். வாங்க நினைத்தவன் என் அத்தை மகன். வீடு இருந்தது கலிபோர்னியாவில். அதற்காக விலை பேசப்பட்ட நிலம் கோவில்பட்டிப் பக்கத்தில்.

விஷயம் இதுதான். மச்சானுக்கு சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே, லிவர்மோர் பக்கம் சாஃப்ட்வேர் வேலை. பத்து வருஷமாக வாடகை கட்டிக் களைத்துப்போய், மலையடிவாரத்தில் ஒரு பழைய வீட்டைப் பிடித்திருந்தான். டவுன் பேமென்ட்டில் துண்டு விழுந்தது. ஊரில் அத்தை பேரில் நாலு ஏக்கர் கரிசல் இருக்கிறது. பருத்தி, உளுந்து, மல்லி விளைகிற மானாவாரி. 'பைபாஸ் பக்கம் வந்துட்டுது, நல்ல விலைக்குப் போகும்' என்று ஒரு பார்ட்டி கேட்டுக்கொண்டிருந்தது. அத்தையும் 'பிள்ளைக்கு இல்லாத மண்ணு எனக்கு எதுக்கு' என்று தலையாட்டிவிட்டார். கையெழுத்துதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து நான் லிவர்மோரில் இருந்தேன். செப்டம்பர் மாசம். சுற்றுலா விசாவில் போயிருந்தவனை, 'நீதான் கணக்கு தெரிஞ்சவனாச்சே, வந்து பேப்பரைப் பாரு மாப்ளே' என்று மச்சான் இழுத்துக்கொண்டு போனான்.

கயத்தாறு பார்ட் டூ!

லிவர்மோருக்குக் கிழக்கே அல்டமான்ட் கணவாய். மொட்டை மொட்டையாக மலைகள். மரம் தேடினால் ஓடை ஓரத்தில் ஒன்றிரண்டு. மற்றதெல்லாம் புல். அதுவும் செப்டம்பரில் காய்ந்து, சிங்கத்தின் பிடரி நிறத்தில் கிடக்கிறது. அங்கங்கே கறுப்பு மாடுகள். மலை உச்சியெல்லாம் காற்றாலை. 1980களின் தொடக்கத்தில் நட ஆரம்பித்தது. உலகின் முதல் பெரிய காற்றாலைப் பண்ணைகளில் இதுவும் ஒன்று. நம் கயத்தாறைக் கொண்டுபோய் மேடு பள்ளமாகக் கசக்கி வைத்த மாதிரி இருந்தது.

காரை ஓரம் கட்டிவிட்டு மேய்ச்சல் நிலத்துக்குள் பத்தடி நடந்தேன். கால் வைத்த இடமெல்லாம் வெடிப்பு. ஒரு அங்குலம், சில இடத்தில் இரண்டு அங்குலம். கார் சாவியை விட்டால் அடுத்த ஜென்மத்தில்தான் கிடைக்கும். ஒரு நீளக் குச்சியை விட்டுப் பார்த்தேன். இரண்டடிக்கு மேல் இறங்கியது.

அன்றைக்கு ராத்திரி அத்தை வாட்ஸ்அப்பில் வந்தார்.

"என்ன மருமகனே, அந்த ஊரு மண்ணு என்ன நெறம்?"

"காப்பிப் பொடி கணக்கா இருக்கு அத்தை."

"வெயிலுக்கு வெடிக்கா?"

"வெடிக்கு. கை உள்ள போகுது."

"மழை பெஞ்சா கால்ல அப்புமாமா?"

"மச்சான் அப்புங்கான். மாசிக்குள்ள நடந்தா ஷூவை மண்ணுக்கே குடுத்துட்டு வரணுமாம்."

அத்தை ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வெயில்ல வெடிச்சு, மழையில அப்புச்சுன்னா அது நம்ம மண்ணுதான்யா. அதுக்குப் போய் எதுக்கு விசா?"

பேருக்குப் பின்னால் இத்தனை பட்டம்

அத்தை சொன்னது ஜோக் இல்லை, விஞ்ஞானம். அமெரிக்க விவசாயத் துறை 1899 முதல் தன் நாட்டு மண்ணை அளந்துகொண்டிருக்கிறது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மண் வகைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், பெரும்பாலும் பக்கத்து ஊர், மலை, ஆற்றின் பெயர். இந்த மலையடிவாரக் களிமண்ணின் பெயர் 'அல்டமான்ட்'. அதன் பங்காளி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. பெயர் 'டயாப்லோ'. ஸ்பானிஷ் மொழியில் அதற்குப் பிசாசு என்று அர்த்தம். ஜாதகம் பார்க்கிற குடும்பம் அந்தப் பக்கம் வீடு தேடாமல் இருப்பது நல்லது.

அல்டமான்ட்டின் முழுப்பெயர், விசிட்டிங் கார்டில் அடங்காத அரசாங்க உத்தியோகம் மாதிரி: 'ஃபைன், ஸ்மெக்டைட்டிக், தெர்மிக், அரிடிக் ஹாப்ளோசெரெர்ட்'. பயப்படாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எளிய அர்த்தம் உண்டு. ஃபைன் என்றால் நூற்றுக்கு 35 முதல் 60 பங்கு களிமண். களி என்றால் ஒரு மில்லிமீட்டரில் 500-ல் ஒரு பங்கை விடச் சிறிய துகள். ஸ்மெக்டைட்டிக் என்றால், அந்தக் களியில் பெரும்பங்கு நம் மூன்று கிரவுண்டு ஆசாமி. தெர்மிக் என்றால் மண்ணின் வருஷ சராசரி வெப்பம் 15-லிருந்து 22 டிகிரி. கடைசி வார்த்தையின் வால் 'எர்ட்' இருக்கிறதே, அதுதான் குலப்பெயர். வெர்ட்டிசால் குலம். லத்தீனில் 'புரட்டு' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. அதாவது, தன்னைத்தானே புரட்டிக்கொள்கிற மண்.

நம் கோவில்பட்டிக் கரிசலும் இதே வெர்ட்டிசால் குலம்தான். ஆனால் கிளை வேறு. குளிர்காலத்தில் மழையும் கோடையில் முழுப் பட்டினியுமாக இருக்கிற கலிபோர்னியா மண் 'செரெர்ட்'. வருஷம் பூரா சூடாகவே இருந்து, பருவமழையில் குளிக்கிற நம் மண் 'உஸ்டர்ட்'. சித்தப்பா பிள்ளை, பெரியப்பா பிள்ளை உறவு. லிவர்மோரில் வருஷத்துக்குச் சுமார் 15 அங்குல மழை. அதில் பெரும்பகுதி நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் நடுவில். மற்ற மாதங்களில் வானம் கைவிரித்துவிடும்.

மண்ணின் பாலன்ஸ் ஷீட்

வீட்டை வாங்குவதற்கு முன்னால் மண்ணைச் சோதிக்க ஒரு என்ஜினீயரை மச்சான் ஏற்பாடு செய்திருந்தான். அவர் கொல்லைப்புறத்தில் ஒரு குழி வெட்டச் சொன்னார். நானும் உள்ளே இறங்கிப் பார்த்தேன். ஒரு கம்பெனியின் பாலன்ஸ் ஷீட்டை மேலிருந்து கீழே படிக்கிற மாதிரிதான், மண்ணையும் அடுக்கு அடுக்காகப் படிக்க வேண்டும்.

மேல் அடுக்கு 'ஏ'. புல் வேர் நிறைந்த, கரும்பழுப்பான களி. காய்ந்த நேரத்தில் மேலாக இரண்டு விரல் கடை பொலபொலவென்று, உடைத்த கடலை மாதிரி உதிர்கிறது. அதற்குக் கீழே மண்வெட்டி போட்டால் 'டங்'கென்று சத்தம். காங்கிரீட்டா என்று சந்தேகம் வரும்.

அடுத்தது 'பி.எஸ்.எஸ்.'. ஏதோ மத்திய அரசுத் திட்டம் போல இருக்கிறது இல்லையா? 'எஸ்.எஸ்.' என்றால் வழுக்குத் தடம். இந்த அடுக்கில் ஒரு கட்டியைப் பெயர்த்துத் திருப்பினால், அதன் முகம் பாலிஷ் போட்ட ஷூ மாதிரி மின்னுகிறது; கோடு கோடாகக் கீறல் வேறு. யாரும் தேய்க்கவில்லை. மண்ணும் மண்ணும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு சறுக்கியதில் வந்த பளபளப்பு. கட்டிகளும் சதுரமாக இல்லாமல் ஆப்பு மாதிரி சாய்ந்து கிடக்கின்றன.

அதற்கும் கீழே 'பி.கே.எஸ்.எஸ்.'. நடுவில் ஒரு 'கே' சேர்ந்தால் சுண்ணாம்பு வந்துவிட்டது என்று அர்த்தம். பழுப்பு மண்ணில் வெள்ளை நூல் நூலாக, சின்னச் சின்னப் புள்ளியாகத் தெரிகிறது. மழைநீர் மேலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவருகிறது. இந்த ஆழத்துக்குக் கீழே போகத் தெம்பில்லாமல் இங்கேயே இறக்கி வைத்துவிட்டுக் காய்ந்துவிடுகிறது. 'மழை எவ்வளவு ஆழம் போகிறது?' என்று கேட்டால், இந்த வெள்ளைக் கோடுதான் ரசீது.

கடைசியில் 'சி.ஆர்.'. உளுத்துப்போன களிப்பாறை, மணற்பாறை. மேலே இருப்பதெல்லாம் இதன் வாரிசு. அல்டமான்ட் மண்ணில் பொதுவாக மூன்றேகால் அடியிலிருந்து ஐந்தடிக்குள் இது வந்துவிடும்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? செம்மண் மாதிரி சில மண்ணில் அடுக்குகள், வீட்டு மாடிகள் மாதிரி தெளிவாகப் பிரிந்து நிற்கும். இதில் அப்படி இல்லை. எங்கே ஒரு அடுக்கு முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. காரணம், இந்தக் கம்பெனியில் யாரும் தன் சீட்டில் உட்கார்ந்திருப்பதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

ஸ்மெக்டைட்டின் ஒவ்வொரு இதழும் ஒரு சாண்ட்விச். மேலே ஒரு சிலிக்கா தகடு, கீழே ஒரு சிலிக்கா தகடு, நடுவில் அலுமினா. ஒரு இதழின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் பிடி ரொம்ப லேசு. தண்ணீர் வந்தால் இடையில் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். இதழ்கள் விலகும். மண் உப்பும். வெயில் வந்தால் தண்ணீர் கிளம்பும். இதழ்கள் நெருங்கும். மண் சுருங்கும். சுருங்கினால் வெடிக்காமல் என்ன செய்யும்?

இப்போது கோடையை நினைத்துக்கொள்ளுங்கள். வெடிப்பு திறந்து கிடக்கிறது. மேலே பொலபொலத்த மண் காற்றிலும் மாட்டுக் குளம்பிலும் உதிர்ந்து வெடிப்புக்குள் விழுகிறது. நவம்பரில் மழை வருகிறது. முதல் மழை வெடிப்பு வழியாக நேராக அடிக்குப் போய்விடும். அடிமண் உப்ப ஆரம்பிக்கிறது. ஆனால் அது உப்ப வேண்டிய இடத்தில்தான் மேல்மண் வந்து உட்கார்ந்திருக்கிறதே! நம் ரயிலில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆள் 'கொஞ்சம் நகருங்க சார்' என்று உட்கார்ந்தால் என்ன ஆகும்? யாராவது ஒருத்தர் எழுந்து நிற்க வேண்டும். அப்படித்தான் மண் பக்கவாட்டில் நெருக்கி, சாய்வாகச் சறுக்கி, மேலே எழும்புகிறது. அந்தச் சறுக்கலின் கையெழுத்துதான் பளபளக்கும் வழுக்குத் தடம்.

இதைப் பார்த்துத்தான் முன்பு சில நிபுணர்கள், மண் முழுசாகத் தலைகீழாகப் புரள்கிறது என்று எழுதினார்கள். பிறகு வயதுக் கணக்குப் போட்டதில், ஆழம் போகப் போக மண்ணிலுள்ள கரிமம் பழசாகவே இருந்தது. முழுப் புரட்டல் என்றால் எல்லாம் கலந்து ஒரே வயதாக இருக்க வேண்டுமே? ஆகவே, புரட்டுவதைவிட நெருக்குவதும் சறுக்குவதும்தான் பிரதான வேலை என்று இப்போது சொல்கிறார்கள்.

இந்த மண்ணுக்கு அமெரிக்க நிபுணர்கள் வைத்திருக்கும் அட்டெண்டன்ஸ் விதியும் சுவாரஸ்யம். ஜூன் 21-க்குப் பிறகு வரும் 90 நாளில், தொடர்ந்து 60 நாளாவது வெடிப்பு திறந்திருக்க வேண்டும். டிசம்பர் 21-க்குப் பிறகு வரும் 90 நாளில், தொடர்ந்து 60 நாளாவது மூடியிருக்க வேண்டும். வெடிப்பு என்று ஒப்புக்கொள்ள ஐந்து மில்லிமீட்டர் அகலம் வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் 'செரெர்ட்' பட்டம். நம் ஆபீஸில்கூட இவ்வளவு கறார் கிடையாது.

புல்லுக்குச் சொர்க்கம்

இப்படி ஆடுகிற மண்ணால் யாருக்கு லாபம்? புல்லுக்கு!

இந்தக் களி பெரிய பேங்க். கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் அதன் இதழ்களில் டெபாசிட் ஆகி ஒட்டிக்கொண்டிருக்கும். மழையில் லேசில் அடித்துக்கொண்டு போகாது. தண்ணீரையும் நிறையப் பிடித்து வைக்கும். ஆனால் ஒரு கண்டிஷன்: மினிமம் பாலன்ஸ். களி தன் பிடியில் வைத்திருக்கும் தண்ணீரில் ஒரு பெரும்பகுதியை எந்த வேரும் உறிஞ்ச முடியாது. பாஸ்புக்கில் பணம் தெரியும், கையில் வராது. மண் ஈரமாகத் தெரிந்தும் பயிர் வாடுகிறதே என்று கரிசல்காட்டு விவசாயி தலையில் கை வைப்பது இதனால்தான்.

அல்டமான்ட் மலையில் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவை புற்கள். இன்று அங்கே மண்டிக்கிடக்கும் காட்டு ஓட்ஸ் முதலான ஒருபருவப் புற்கள் அந்த மண்ணில் பிறந்தவை அல்ல. ஸ்பானியர்கள் 18-ம் நூற்றாண்டில் மாட்டோடும் தானியத்தோடும் வந்தபோது, மத்தியதரைக்கடல் நாட்டுப் புல் விதைகளும் டிக்கெட் இல்லாமல் ஏறிவந்தன. மழையில் முளைத்து, மண் வெடிப்பதற்குள் விதையைக் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். வெடித்தால் என்ன, வெடிக்காவிட்டால் என்ன? பழைய உள்ளூர்க்காரரான ஊதா ஊசிப்புல் ஆழமாக வேர்விட்டுப் பல வருஷம் வாழ்கிறது. 2004-ல் அதைக் கலிபோர்னியாவின் மாநிலப் புல்லாக அறிவித்தார்கள்.

மரங்களுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. மண் வருஷா வருஷம் விரிந்து சுருங்கும்போது இளம் வேர்கள் அறுபடும். இந்த மலைகள் மொட்டையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாடு வளர்க்கிறவர்களுக்கும் இந்த மண் தெரியும். ஈரமான நேரத்தில் மாட்டை மொத்தமாக விட்டால் குளம்பு மிதித்து மண் இறுகிவிடும். அதனால் மாற்றி மாற்றி மேய்ப்பார்கள். பள்ளத்தில் கரை கட்டினால் தண்ணீர் நிற்கும். சிமென்ட் வேண்டாம், உப்பிய களியே தரை. அப்படி மாட்டுக்காக வெட்டிய குட்டைகளில் இன்று அருகிவரும் கலிபோர்னியா புலி சாலமாண்டர் முட்டையிடுகிறது. கோடையில் அணில் வளைகளிலும் மண் வெடிப்புகளிலும் போய் ஒளிந்துகொள்கிறது. நமக்குக் கால் இடறும் வெடிப்பு, அதற்கு ஏ.சி. ரூம்!

சுவருக்கு நரகம்

புல் வளையும். மாடு நகரும். சாலமாண்டர் ஒளியும். வீடு என்ன செய்யும்?

வீட்டின் நடுப்பகுதிக்குக் கீழே வெயிலும் படாது, மழையும் படாது. அங்கே மண் ஏறக்குறைய ஒரே ஈரத்தில் இருக்கும். ஓரத்து மண் மட்டும் மழைக்கு உப்பி, கோடைக்குச் சுருங்கும். அதாவது வீட்டின் ஓரத்தை வருஷத்துக்கு ஒரு தடவை யாரோ ஜாக்கி வைத்துத் தூக்கி இறக்குகிற மாதிரி. செங்கல்லுக்கும் காங்கிரீட்டுக்கும் வளையத் தெரியாது. அதனால் கதவு, ஜன்னல் மூலையிலிருந்து குறுக்கே கோடு கிளம்பும். மலைச்சரிவு என்றால் இன்னொரு வம்பு. உப்பும்போது மேலே எழும்பும் மண், சுருங்கும்போது நேராக இறங்காமல் சரிவுப் பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து இறங்கும். வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வேலிக்கால்கள் சாய்வதைப் பார்க்கலாம். மழை அதிகமானால் சரிவே கிளம்பிவிடும். 1997-98 எல் நினோ குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் மட்டும் மண்சரிவுகளின் நஷ்டம் 15 கோடி டாலருக்கு மேல்.

1973-ல் ஜோன்ஸ், ஹோல்ட்ஸ் என்று இரண்டு அமெரிக்க என்ஜினீயர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். உப்பும் மண்ணால் அமெரிக்காவில் வருஷத்துக்கு ஆகும் சேதம் 230 கோடி டாலர். வெள்ளம், புயல், சூறாவளி, பூகம்பம் நான்கையும் கூட்டினாலும் அதன் இரண்டு மடங்குக்கு மேல்! ஆனாலும் டி.வி.யில் வராது. ஏனென்றால், ஒரே நாளில் இடியாது. கடன்காரன் மாதிரி மாசா மாசம் வந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு போகும்.

மச்சானின் என்ஜினீயர் கொடுத்த ரிப்போர்ட் எழுபது பக்கம். பி.காம். படித்தவன் எந்த ரிப்போர்ட்டையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பான். அங்கே 'விரிவுக் குறியீடு' என்று ஒரு எண். அது 20-ஐத் தாண்டினாலே உப்பும் மண். 91 முதல் 130 வரை 'அதிகம்'. 130-க்கு மேல் 'மிக அதிகம்'. கொல்லைப்புறத்து மண்ணின் மார்க் 118. வாழ்க்கையில் மச்சான் எந்தப் பரீட்சையிலும் 100-ஐத் தாண்டியதில்லை!

வீடோ அறுபதுகளில், மேலோட்டமான அஸ்திவாரத்தில் கட்டியது. விற்கிறவர், தனக்குத் தெரிந்த குறைகளை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது கலிபோர்னியா சட்டம். அவரும் யோக்கியமாக எழுதியிருந்தார்: 'வடகிழக்கு அறையின் கதவு குளிர்காலத்தில் இறுக்கும்.' ஒரே ஒரு வரி. சுவரில் புது பெயிண்ட். ஆழமாகத் துளையிட்டு, தூண் இறக்கி, வீட்டை அதன் மேல் உட்கார வைக்க எஸ்டிமேட் கேட்டோம். வந்த தொகை, அத்தையின் நாலு ஏக்கருக்குப் பேசிய விலையைவிடக் கொஞ்சம் அதிகம்.

மச்சான் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. 'எல்லாரும்தான் இருக்காங்க இங்க. கதவு இறுக்குறதுக்குப் பயந்தா வீடு வாங்க முடியுமா?' என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்த மலையடிவாரங்களில் ஆயிரக்கணக்கான வீடுகள் நன்றாகவே நிற்கின்றன. புதிதாகக் கட்டுகிறவர்கள், தரைக் காங்கிரீட்டுக்குள் எஃகு வடம் ஓட்டி, இழுத்து முறுக்கி விடுகிறார்கள். வீடு ஒரே தட்டு மாதிரி மொத்தமாக மிதக்கும். ஓரம் தூக்கினாலும் உடையாது. மண் தெரிந்து கட்டிய வீடு என்றால் பயமில்லை. இது மண் தெரியாமல் கட்டியது.

அத்தைக்குப் போன் போட்டு, 118, எஃகு வடம், தூண் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"மருமகனே, உங்க மாமாவோட அப்பா இந்த வீட்டுக்கு வானம் தோண்டும்போது கெணறு வெட்டுதாரோன்னு ஊரே சிரிச்சுதாம். சுக்கான் வார வரைக்கும் விடலையாம். அதுக்கு மேல நிக்கிற மண்ணு நம்ம பேச்சைக் கேக்காதுன்னுட்டாராம். எழுபது வருசமாச்சு, வாசக்கால் அசையலை. உங்க அமெரிக்காக்காரன் எழுவது பக்கத்துல சொன்னதும் அதானய்யா?"

அதேதான். அத்தை சொன்ன சுக்கானும், குழியில் நான் பார்த்த 'கே' அடுக்குச் சுண்ணாம்பும் ஒரே ஜாதி. அங்கே வரைதான் மழை போகும், அதற்குக் கீழே மண் ஆடாது என்பதற்கு இயற்கை போட்டு வைத்த கோடு.

உங்களுக்கு ஒரு கிளாஸ் கெரசின்

பேங்க் லோன் வாங்கி, கோயம்புத்தூர், மதுரை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் மனை பார்க்கிற தம்பிகளே! புரோக்கர் காட்டும் 'பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிஷம்' போர்டுக்குக் கீழே குனிந்து தரையையும் பாருங்கள். போக வேண்டிய மாசம் சித்திரை. வெடிப்பு இருந்தால் அது வாய் திறந்து உண்மையைச் சொல்லும். மழைக்காலத்தில் போனால் ஒன்றும் தெரியாது. புதிதாக அடித்த கிராவல் இருந்தால், அதற்கு அடியில் என்ன என்று கேளுங்கள். அக்கம்பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்கிற சாக்கில் கதவு மூலையைப் பாருங்கள். குறுக்குக் கோடு இருக்கிறதா?

சந்தேகம் இருந்தால் ஒரு சுலபமான சோதனை உண்டு. இந்தியத் தர நிர்ணயத்திலேயே இருக்கிறது. காயவைத்துச் சலித்த மண் பத்துப் பத்து கிராமாக இரண்டு கண்ணாடிக் குழாய்களில். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் கெரசின். ஒரு நாள் விட்டுவிடுங்கள். கெரசினில் களி உப்பாது. தண்ணீரில் உப்பும். கெரசின் குழாயில் மண் 10 மில்லி மட்டத்திலும், தண்ணீர்க் குழாயில் 18 மில்லி மட்டத்திலும் நின்றால், உப்பல் 80 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே என்ஜினீயரைக் கூப்பிடாமல் வானம் தோண்டாதீர்கள். மண் பரிசோதனைக் கூடங்களில் செய்து எழுத்தில் கொடுப்பார்கள். நாம் லோனுக்குக் கட்டும் பிராசஸிங் கட்டணத்தின் முன்னால் அந்தச் செலவு சுண்டைக்காய்.

மண் கரிசல்தான், மனையும் பிடித்துவிட்டது என்றால் வேண்டாம் என்று ஓடவும் வேண்டாம். ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே ஒரு தூண் அஸ்திவாரத்தைப் பிரபலப்படுத்தியது. அடியில் குமிழ் மாதிரி அகலமாக இருக்கும். அந்தக் குமிழ் தூணின் விட்டத்தைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. ஆழமான கரிசலில் குறைந்தது மூன்றரை மீட்டர் போக வேண்டும் என்பது விதி. மேல்மண் எவ்வளவு துள்ளினாலும் குமிழ் அடியில் ஆணி அடித்த மாதிரி பிடித்துக்கொள்ளும். வீட்டைச் சுற்றிச் சிமென்ட் தளம் போட்டு, மாடித் தண்ணீரைச் சுவரோரம் விடாமல் தூரமாகக் கொண்டுபோங்கள். சுவரை ஒட்டிப் பெரிய மரம் வேண்டாம். கோடையில் அது உறிஞ்சுகிற தண்ணீர், உங்கள் அஸ்திவாரத்துக்குக் கீழே இருப்பது.

மச்சான் என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? மூன்று நாள் யோசித்தான். நாலாவது நாள் ஏஜென்ட்டுக்கு 'வேண்டாம்' என்று மெயில் அனுப்பினான். இன்னும் வாடகைதான். சமவெளிப் பக்கமாக, முறுக்கிய தரை போட்ட சின்ன வீடாகத் தேடுகிறான். இப்போதெல்லாம் வீடு பார்க்கப் போனால் கிச்சனைப் பார்ப்பதற்கு முன்னால் எல்லாக் கதவையும் ஒரு தடவை திறந்து மூடுகிறானாம். ஏஜென்ட் அவனை ஒரு மாதிரி பார்க்கிறாளாம்.

அத்தை கையெழுத்துப் போடவில்லை. பைபாஸ் பார்ட்டி இன்னும் வந்து வந்து கேட்டுவிட்டுப் போகிறது. இந்தப் புரட்டாசியில் நாலு ஏக்கரிலும் உளுந்தும் மல்லியும் விதைத்தாயிற்று.